இழுக்காத பக்கம்

எங்கள் ஊரில் காரின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிரேக் தனி. எந்தச் சக்கரத்தின் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்தச் சக்கரத்தை நிறுத்துவது அவர் பொறுப்பு. ஓட்டுகிறவர் வலது முன்சக்கரத்தைப் பார்த்துக்கொள்வார், பக்கத்தில் இருப்பவர் இடது முன்சக்கரத்தை. பின்சீட்டில் ஆள் இருந்தால் பின்சக்கரங்களும் பிடிக்கும். இல்லையென்றால் அவை பாட்டுக்கு உருண்டு வரும். பிரேக் என்பது பயம்தான். எதிரே லாரி வந்தாலோ ஆடு குறுக்கே புகுந்தாலோ வயிற்றில் ஒன்று சுருக்கென்று கிளம்பும் அல்லவா, அது உள்ளங்கால் வழியாக இறங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். ஓட்டுகிறவரின் காலடியில் ஒரு பெடலும் உண்டு. காலை வைத்துக்கொள்ள அது வசதியாக இருக்கும்.

ஊரின் பெயர் கணவாய்ப்பேட்டை. கடைவீதி முடிகிற இடத்தில் மலை ஆரம்பித்துவிடும். மேலே எஸ்டேட்டுகள், நடுவில் கொண்டை ஊசி வளைவுகள். தனியாக வண்டி ஓட்டிப் போகிறவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு பயந்தாங்கொள்ளியைக் கூப்பிட்டுப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்துக்கொள்வார்கள். அரிசி மூட்டையை வைத்து ஓட்டிப் பார்த்தவர்களும் உண்டு. மூட்டைக்குப் பயம் கிடையாது. அவர்களைப் பற்றி இப்போது பேசவேண்டாம்.

நான் தவமணி, பிரேக் மெக்கானிக். மலைக்குப் போகிற வழியில் கடைசி ஷெட் என்னுடையது. இன்ஜின், கிளட்ச், கியர் எல்லாவற்றுக்கும் ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்க்கட்டும். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் என்னிடம்தான் வரவேண்டும். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. அடுத்தவர்களிடம் விட்டால் குறைத்துச் சொல்லிவிடுகிறார்கள்.

இழுப்பைப் பொறுத்தவரை ஊருக்கே ஒரு தப்பான எண்ணம். வண்டி இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கத்தில் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை முறைத்துக்கொண்டேதான் ஷெட்டுக்குள் நுழைவார்கள். உண்மையில் இழுக்கிற பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது. அந்தச் சக்கரம் பிடிக்கிறது, அதனால் வண்டி அங்கே திரும்புகிறது. கோளாறு இழுக்காத பக்கத்தில், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நிரூபித்துக் காட்டவேண்டும். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருப்பதையும் மறைப்பதற்கில்லை.

அன்று காலையில் சன்னாசியின் வெள்ளைக் கார் வந்தது. ஷெட் வாசலில் நிற்கும்போதே இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி என் தண்ணீர் டிரம்மை முட்டிக்கொண்டு நின்றது. சன்னாசி எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். நல்ல உயரம், முறுக்கிய மீசை. பக்கத்துச் சீட்டில் அவர் மனைவி ஈஸ்வரி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வண்டிக்கு இடப்பக்கத்து ஆள் அவள்தான். பின்சீட்டில் ஒரு பெரிய பை இருந்தது, துணிமணியெல்லாம் திணித்துக் கட்டியது.

"அக்கா, இடப்பக்கம் இழுக்குது" என்றார் சன்னாசி. "இவ அளவுக்கு மீறிப் பயப்படுறா. நாயி தும்முனாக்கூட அமுக்கிருறா. பாத்துச் சொல்லுங்க. சரியாகாதுன்னா இப்படியே கொண்டுபோயி இவ அண்ணன் வீட்டுல விட்டுட்டு, பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளைப் பேசிக்கிறேன்."

"கொஞ்ச நாளைக்கா?" என்றேன்.

"இல்லக்கா. ஒரேயடியா."

ஈஸ்வரி தண்ணீர் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக, நான் சொல்லப்போகிற வார்த்தையில் ஒரு குடும்பம் நிற்கப்போகிறதா போகப்போகிறதா என்று இருந்தது. எனக்கு அது பழக்கம். பிரேக் வேலையில் பாதிக்குப் பாதி இதுதான்.

வேறு வைத்தியம் ஏதாவது செய்தீர்களா என்று கேட்டேன். எதற்கும் முதலில் அதைக் கேட்டுவிடவேண்டும். டீக்கடையில் யாரோ யோசனை சொல்லி, ஈஸ்வரியைச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்காரவைத்து ஓட்டியிருக்கிறார் சன்னாசி. கால் தரையில் படாவிட்டால் பயம் சக்கரத்துக்கு இறங்காது.

"இழுத்துச்சா?"

"இழுக்கல. வண்டி நேராப் போச்சு."

"நின்னுச்சா?"

சன்னாசி மீசையைத் தடவினார். வண்டி நேராக வாழைக்காய் மண்டிக்குள் போயிருக்கிறது. தார்கள்தான் நிறுத்தியிருக்கின்றன. வண்டி கொஞ்சமும் கோணாமல் வந்தது என்று மண்டிக்காரரே பிறகு எல்லோரிடமும் பாராட்டிச் சொன்னாராம்.

"வேலை செய்யிற காலை மடக்கி வச்சா வண்டி நேராத்தான் போகும் தம்பி" என்றேன். "அது பேரு ரிப்பேர் இல்ல."

முதலில் டயர்களில் காற்று பார்த்தேன். ஒரு பக்கம் குறைந்தாலும் இழுப்பு வரும், அதைப் பார்க்காமல் மனிதர்களைத் தொடுவது தப்பு. நான்கிலும் சமமாக இருந்தது. பிறகு பஸ் ஸ்டாண்டிலிருந்து வெள்ளைச்சாமியை வரச்சொன்னேன். பேட்டையில் இருக்கிற பயந்தாங்கொள்ளிகளில் முதல் தரம் அவர். தன் செருப்புச் சத்தத்துக்கே திரும்பிப் பார்ப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் எந்த வண்டியும் நிற்கும். ஈஸ்வரியை இறக்கிவிட்டு அவரை இடப்பக்கம் உட்காரவைத்தேன். நான் பின்சீட்டில் ஏறிக் கால் இரண்டையும் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டேன், என் பயம் கணக்கில் கலந்துவிடக்கூடாது. கடைவீதியைத் தாண்டி ஊரின் கீழ்ப்பக்கத்தில், சமமான இடமாகப் பார்த்து, "பிரேக்" என்றேன்.

வண்டி இடப்பக்கம் இழுத்தது. முன்பைவிடக் கூடுதலாகவே இழுத்தது.

"இந்தாளும் அதிகமாப் பயப்படுறாப்ல" என்றார் சன்னாசி.

வெள்ளைச்சாமி இதைக் கேட்டுப் பயந்தார். நின்றுகொண்டிருந்த வண்டி இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியது.

இடத்தை மாற்றிப் பார்க்கவேண்டும் என்றேன். வெள்ளைச்சாமியை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, ஷெட்டுக்கு வந்து ஈஸ்வரியை ஏற்றிக்கொண்டோம். இந்தத் தடவை நான் ஓட்டினேன். எனக்கு அளவான பயம். தேவையான நேரத்தில் வரும், வேலை முடிந்ததும் போய்விடும். சன்னாசி இடப்பக்கம் உட்கார்ந்தார். ஈஸ்வரி பின்சீட்டில் பையின் பக்கத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதே இடத்தில், எதிரே ஒரு டிராக்டர் வருகிற சமயம் பார்த்து பிரேக் போட்டேன்.

வண்டி வலப்பக்கம் இழுத்தது.

ஒரு பாகத்தைக் கழற்றி அடுத்த பக்கம் மாட்டும்போது கோளாறும் கூடவே போனால், கோளாறு அந்தப் பாகத்தில் என்று அர்த்தம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இருந்தாலும் சன்னாசிக்கு விளக்கம் தேவைப்பட்டது. ஷெட்டுக்குத் திரும்பியதும் இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். ஓடி நின்ற வண்டியின் சக்கரத்தில் கை வைத்துப் பார்ப்போம். சூடாக இருந்தால் அது பிடித்திருக்கிறது, குளிர்ந்திருந்தால் சும்மா சுற்றியிருக்கிறது. பாதமும் அப்படித்தான்.

ஈஸ்வரியின் உள்ளங்காலைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருந்தது, இத்தனைக்கும் அவள் அந்த ஓட்டத்தில் பிரேக் போடவே இல்லை. குதிகால் தேய்ந்து வழவழவென்று இருந்தது. சன்னாசியின் காலைத் தொட்டேன். பானைத் தண்ணீரில் கைவிட்ட மாதிரி இருந்தது. சன்னாசியின் கையைப் பிடித்து அவர் காலிலேயே வைத்துக் காட்டினேன், பிறகு அவர் மனைவியின் காலில்.

"தெரியுதா?"

"அவளுக்குக் காய்ச்சலா இருக்கும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "தம்பி, உங்களுக்குக் கடைசியா எப்பப் பயம் வந்துச்சு?"

யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். "எதுக்குக்கா நான் பயப்படணும்? அதுக்குத்தான் இவ இருக்காளே."

ஈஸ்வரி அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

சன்னாசிக்குப் பயமே இல்லை என்று இல்லை. பயம் இல்லாத மனிதனுக்கு இத்தனை பெரிய மீசை தேவைப்படாது. உள்ளே பயம் இருக்கிறது, வழியில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. பிரேக் குழாயில் காற்று புகுந்தால் எவ்வளவு அமுக்கினாலும் சக்கரம் பிடிக்காது. காற்றுதான் அமுங்கி அமுங்கி எழும். காற்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும், ஆள் மாற்றவேண்டிய வேலை இல்லை. இதைச் சொன்னதும் சன்னாசிக்கு முகம் சிறுத்துவிட்டது. ஆனால் சரி என்றார். மண்டிக்குள் இன்னொரு தடவை போக அவருக்கும் விருப்பமில்லை.

அவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். வலதுகால் கட்டைவிரலில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை பிரேக் ஆயில் பாட்டிலுக்குள் விட்டேன். பாட்டிலை ஈஸ்வரி பிடித்துக்கொண்டாள்.

"அமுக்குங்க" என்றேன். அமுக்கினார். ஸ்பானரால் கட்டைவிரலைக் கால்வாசிச் சுற்றுத் தளர்த்தினேன். குழாயில் ஒரு குமிழ் நகர்ந்து வந்து பாட்டிலில் உடைந்தது.

"இந்த ரோட்டுல நான் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்றது குமிழ், சன்னாசியின் குரலில்.

முறுக்கினேன். "விடுங்க. திரும்ப அமுக்குங்க."

"எமனே கைகாட்டுனாலும் நான் நிறுத்த மாட்டேன்."

"விடுங்க. அமுக்குங்க."

"டாக்டரு கெடக்காரு, அவருக்கு என்னத்தத் தெரியும்."

இப்படியே வந்துகொண்டிருந்தது. மச்சான்மார்களை மிரட்டியது, கரடியைப் பார்த்தும் கண்ணாடியை ஏற்றாமல் வந்தது, எலெக்ஷனில் நின்றிருந்தால் ஜெயித்திருப்பேன் என்றது. ஈஸ்வரி பாட்டிலைக் கொஞ்சமும் ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் கேட்டுக் கேட்டுப் புளித்தவை. சிலவற்றை உடைவதற்கு முன்பே அவள் உதடு முணுமுணுத்தது. பிறகு ஒரு குமிழ் குழாயின் நடுவில் வந்து நின்றுகொண்டது. நல்ல பெரிய குமிழ். குழாயை விரலால் சுண்டினேன். அது தயங்கித் தயங்கி இறங்கிப் பாட்டிலில் உடைந்தது.

"இவ போனாப் போறா, எனக்கென்ன."

இதை ஈஸ்வரி முன்பு கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு காற்று வரவில்லை. குழாயில் தெளிவாக, பொன் நிறத்தில், இழை அறுபடாமல் இறங்கியது. அதுதான் சுத்தமான பயம். கட்டைவிரலை இறுக்கிவிட்டுக் குழாயைக் கழற்றினேன். வேலை முடிந்தது, வேலையும் நன்றாக வந்திருந்தது.

சன்னாசி சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

"ஈஸ்வரி, கேஸை அணைச்சமா?" என்றார்.

"அணைச்சாச்சு."

"மழை வருமோ?"

"வந்தா வரட்டும்."

பிறகு கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். பையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போயிட்டா எனக்குப் பயமா இருக்கும் ஈஸ்வரி" என்றார். "இப்பவே பயமா இருக்கு. போகாத."

நான் பாட்டிலுக்கு மூடி போட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்குள் ஒரு நிறைவு. ஆனால் ஈஸ்வரி காருக்கு வெளியேதான் நின்றாள்.

"இத்தனை வருசம் ரெண்டு பேரு பயத்தையும் நான் ஒருத்தியே பட்டேங்க" என்றாள். சத்தம் போடவில்லை. "ஒவ்வொரு வளைவுலயும் அமுக்கி அமுக்கி என் காலு வெந்து கெடக்கு. அதுக்கும் திட்டுதான் வாங்குனேன். நான் எங்க அண்ணன் வீட்டுக்கே போறேன். போயி ஒரு கட்டில்ல காலை நீட்டிப் படுக்கணும். கொண்டுபோயி விடுங்க."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. ஒரே சமயத்தில் இரண்டும் இருந்தன, நான் என்ன செய்ய.

சன்னாசி வண்டியைக் கிளப்பினார். இன்ஜின் ஓடியது, கியர் விழுந்தது, வண்டி நகரவில்லை. வலது முன்சக்கரம் பூமியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் தள்ளிப் பார்த்தேன், ஈஸ்வரியும் தள்ளினாள். அசையவில்லை. அவள் போய்விடுவாள் என்கிற பயம் முழுதாக இறங்கிப் பிரேக் ஜாம் ஆகிவிட்டது.

"காலை எடுங்க தம்பி."

"எடுக்கத்தான்க்கா பாக்குறேன். வரமாட்டேங்குது" என்றார். உண்மையாகவே முயற்சி செய்தார், நெற்றியில் வேர்வை.

ஈஸ்வரி என் போனை வாங்கி அண்ணனுக்குப் பேசினாள். அவர் பெயர் ஒச்சப்பன், கீழ்நாட்டில் தோட்டம் வைத்திருப்பவர். வண்டி நகரவில்லை என்றாள். அங்கேயே இரு, வர்றேன் என்றார் அவர். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கூப்பிட்டுப்போகப் பிறந்த வீடு வருவதுதான் வழக்கம்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறந்த வீடு வந்தது. கடைவீதியில் எல்லோரும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஓட்டு வீடு, முன்னால் இரும்புக் கேட்டு, ஓட்டின் மேல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. வலப்பக்கத்து முன்னறை ஜன்னலில் ஒச்சப்பன் உட்கார்ந்து ஓட்டிவந்தார். இடப்பக்கம் சமையலறை, அங்கே அவர் மனைவி. ஷெட்டை நெருங்கியதும் பிரேக் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வீடு இடப்பக்கம் இழுத்தது. ஷெட் வாசலில் நின்ற வெள்ளைக் காரை நோக்கி நேராக வந்தது, மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் வீடு அல்லவா.

"தம்பி, இறங்கி வந்துருங்க" என்றேன்.

"காலு வரல அக்கா" என்றார் சன்னாசி.

ஈஸ்வரி பிறந்த வீட்டைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். பிறகு இடப்பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே ஏறிச் சாத்திக்கொண்டாள். செருப்பை உதறிவிட்டு இரண்டு காலையும் தூக்கி முன்கண்ணாடிக்குக் கீழே நீட்டி வைத்துக்கொண்டாள்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். "இனிமே நீங்க பயப்படுங்க. நான் காலை நீட்டிக்கிறேன். வளைவுல மட்டும் இறக்குவேன். சரியா?"

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா, ஈஸ்வரி."

சக்கரம் விட்டுவிட்டது. சன்னாசியின் கால் தானாக எழும்பியது. கார் முன்னால் பாய்ந்து ரோட்டில் ஏறியது. அது நின்ற இடத்தில் வீட்டின் சமையலறை வந்து நின்றது. கொஞ்ச தூரம் போனதும் எதிரே பஸ் வந்தது. ஈஸ்வரி காலை இறக்குவது பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இருவரும் ஒன்றாகப் பயந்தார்கள். கார் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. இந்தப் பேட்டையில் அப்படி நின்ற வண்டியை நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

பஸ் போனதும் கார் மலைப்பக்கம் திரும்பியது. ஒச்சப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எங்க அவ?"

"மலைக்குப் போறாங்க. சமாதானம் ஆயிருச்சு."

"அவளுக்குன்னு மேக்கால ரூமைக் கூட்டி, கட்டில் போட்டு வச்சிருந்தேனே" என்றார். அவர் குரலில் வருத்தமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. "சரி, நல்லா இருக்கட்டும். வீடு ஏன்மா இழுக்குது?"

"உங்க காலைக் காட்டுங்க" என்றேன்.

"என் பக்கம் இழுக்கலையேம்மா. என் பொஞ்சாதி பக்கம்தான இழுக்குது."

அவருக்கு விளக்கத் தொடங்கினேன். அப்போது வீட்டின் மேற்குப் பக்கத்திலிருந்து ஓடுகள் லேசாக உரசுகிற சத்தம் வந்தது. ஈஸ்வரிக்காகக் கூட்டி வைத்திருந்த அறை சுவரை விட்டுப் பிரிந்து, ரோட்டில் இறங்கி, காருக்குப் பின்னால் கிளம்பியது. கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டில், விரித்த போர்வை, தலையணை. ஆள் யாரும் இல்லை. ஒச்சப்பன் பார்த்துவிட்டு, அறைக்கு இடம்விட்டு வீட்டைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார்.

முதல் கொண்டை ஊசி வளைவில் கார் பிரேக் போட்டது. ஆள் இல்லாத அந்த அறைக்கும் பயம் இருந்திருக்கவேண்டும், அதுவும் பிரேக் போட்டது. இரண்டும் எந்தப் பக்கமும் இழுக்காமல் நின்று, ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி மேலே போயின.